பென்ஷனும் சம்பளமும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பென்ஷன் வாங்குகிறவர் இன்னொரு அரசு வேலையில் சம்பளமும் வாங்கலாமா? இந்தக் கேள்வி எங்கள் செயற்குழுவின் மூன்று கூட்டங்களைத் தின்றுவிட்டது. மாட்டுங்கா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், செம்பூரில் குடியிருக்கும் மத்திய அரசுப் பென்ஷன்காரர்களும், தாராவியில் ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஒரே சங்கத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்!

'இரட்டைச் சம்பளம்' என்ற ஏச்சை நாங்கள் ஏற்கவில்லை. பென்ஷன் அரசு போடும் பிச்சை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகாரா வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்பது வயதுக்குள் ராணுவத்திலிருந்து வெளிவரும் ஜவான் ரயில்வேயில் சேர்ந்தால், அவருடைய பென்ஷனைக் கணக்கில் எடுக்காமலே மத்திய அரசு சம்பளம் நிர்ணயிக்கிறது. அது அப்படியே தொடர வேண்டும். கணவரை இழந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த பெண்ணின் குடும்ப பென்ஷனை இந்த விவாதத்துக்குள் இழுக்கவே கூடாது.

அறுபது வயதில் மாலையும் சால்வையும் வாங்கிப் போனவர் அதே நாற்காலிக்குத் திரும்புவது வேறு விஷயம். 2024 அக்டோபரில் ரயில்வே, சுமார் 25,000 இடங்களில் 65 வயதுக்குட்பட்ட ஓய்வூதியர்களை இரண்டு ஆண்டுக்கு அமர்த்த முன்வந்தது. கடைசிச் சம்பளத்தில் அடிப்படைப் பென்ஷனைக் கழித்து மீதியைத் தருவது ஏற்பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கழிவில்தான் சூட்சுமம். பென்ஷன் எப்படியும் கொடுத்தாக வேண்டிய பணம். ஆகவே அனுபவசாலி ஒருவர் துறைக்கு ஏறக்குறைய பாதிச் செலவில் கிடைக்கிறார். புதிதாக வருபவரின் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், ஆனால் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பதவி உயர்வு என்று முப்பது வருடப் பொறுப்பு அவரோடு கூடவே வருகிறது. எந்தக் கணக்கு அதிகாரியும் பழையவரைத்தான் விரும்புவார். இரட்டை வருமானத்தைத் தடுக்க வந்த விதி, ஆள் எடுக்காமல் தள்ளிப்போடவும் வசதி செய்து கொடுக்கிறது.

கழிவு இருக்கட்டும். ஆனால் ஓய்வூதியர் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு இடமும் அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பில் காலியிடமாக வர வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் நீட்டிப்புக் கூடாது. பழைய கைகளின் நுணுக்கம் தேவையென்றால், புதியவர்களைப் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவர்களுக்குத் தரலாம்.

எங்கள் உறுப்பினர் சிலர் இப்படி மறுவேலையில் இருப்பவர்களே. ஒருவரைத் தவிர மற்றவர்கள் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவருடைய மறுப்பும் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.