நித்தியம் நீண்ட காலம் அல்ல

நித்தியம் என்றால் சாவுக்குப் பிறகு தொடங்கி, கோடி கோடி ஆண்டுகள் கழிந்தாலும் தீராமல் ஓடும் காலம் என்றே பெரும்பாலான கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். பிரசங்கங்களும் இதையே சொல்லி ஆறுதல் தருகின்றன, இதையே சொல்லி அச்சுறுத்துகின்றன. இந்த நம்பிக்கை பிழையானது, கடவுளையே சிறுமைப்படுத்துவது. காலத்துக்குள் வாழும் எவருக்கும் நேற்று கைநழுவிப் போயிற்று, நாளை இன்னும் வந்து சேரவில்லை. ஆயுளை எவ்வளவு நீட்டினாலும் இந்த இழப்பும் காத்திருப்பும் கூடவே நீளும். இழப்பவரையும் காத்திருப்பவரையும் பரிபூரணர் என்று எப்படி வணங்குவது?

உலகைப் படைப்பதற்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் காலத்திலேயே இருந்தது. இப்படிக் கேட்பவர்களுக்காக நரகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார் என்ற கேலிப் பதிலை அவர் ஏற்கவில்லை. காலமும் படைக்கப்பட்டதே, ஆகவே படைப்புக்கு முன் 'அப்போது' என்று ஒன்று இல்லவே இல்லை என்று தம் 'ஒப்புதல்கள்' (Confessions) என்ற நூலின் 11ஆம் பகுதியில் வாதிட்டார். 524ஐ ஒட்டிய ஆண்டுகளில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ரோமத் தத்துவ அறிஞர் போயத்தியஸ் இதை இன்னும் கூர்மையாக்கினார். எல்லையற்ற வாழ்வு முழுவதும், சிறிதும் சிதறாமல், ஒருசேரக் கைவசம் இருப்பதே நித்தியம் என்பது அவர் தந்த இலக்கணம். இதில் நீளத்துக்கு வேலையே இல்லை.

காலமற்ற நித்தியம் என்பது கிரேக்கத் தத்துவம், வேதாகமம் அறிந்தது நேர்கோடாய்ச் செல்லும் காலத்தை மட்டுமே என்று 1946இல் இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் மறுத்தார். வலுவான மறுப்புதான். ஆனால் யோவான் 17:3 நித்திய ஜீவனை ஆண்டுக்கணக்கால் விளக்கவில்லை. கடவுளையும் அவர் அனுப்பிய கிறிஸ்துவையும் அறிவதே அது என்கிறது. விசுவாசிக்கிறவன் மரணத்தைக் கடந்து ஜீவனுக்கு வந்துவிட்டான் என்கிறது 5:24. சாவுக்குப் பிறகுதான் தொடங்கும் என்றால் இந்த வசனங்களை எங்கே வைப்பது?

தத்துவ அறிஞர் ஆன்டனி கென்னி எழுப்பிய ஆட்சேபம் வேறு. எல்லாக் கணங்களும் நித்தியத்தோடு உடனிகழ்வன என்றால், நீரோ காலத்து ரோம் எரிந்ததும் இன்று நாம் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடப்பதாகிவிடும் என்றார் அவர். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் உவமையிலேயே இதற்கு விடை இருக்கிறது. உயரத்தில் நிற்பவர் சாலை முழுவதையும் ஒரே பார்வையில் காண்கிறார். அதனால் சாலையில் நடப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செல்வது மாறிவிடுவதில்லை. ஜெபத்துக்குப் பதில் தருபவர் காலத்துக்குள் இருந்தாக வேண்டும் என்ற வாதமும் இங்கேயே தளர்கிறது. பதில் நம்மை வந்தடைவது ஒரு குறிப்பிட்ட நாளில்தான்; அதை அருளும் சித்தமும் அந்த நாளில்தான் பிறந்தது என்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை.