ஆறு பேர் கூட்டம், ஒருவர் கை

வெம்பாக்கம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதம் இரண்டு விதமாக நடக்கும். பகலில் பிரசங்கியார் ஐவரையும் பாஞ்சாலியையும் துரியோதனனையும் தம் ஒரே குரலில் பேசவைப்பார். இரவில் அதே கதைக்குக் கூத்துக்காரர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். ஒன்று மற்றதன் குறைப்பிரதி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு குழுவையே நடத்திச்செல்லும் கணினி ரோல் பிளேயிங் கேம்களில் மட்டும், பலர் சேர்ந்து ஆடும் வசதி எதையும் கெடுக்காத கூடுதல் என்றே பேசப்படுகிறது. அது கெடுக்கும். குழுவிலுள்ள மற்றவர்களின் மனம் எழுதியவருடையதா, எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பருடையதா என்பதை அந்த வசதிதான் தீர்மானிக்கிறது.

1998இல் வெளிவந்த, பயோவேர் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட்’டில் குழு ஆறு பேர். தனியாக ஆடினால் வழியில் சேரும் துணைகள் முணுமுணுப்பார்கள், நம் நடத்தை பிடிக்காவிட்டால் விலகுவார்கள், நல்லவரும் தீயவரும் நெடுநாள் ஒன்றாக நடந்தால் தங்களுக்குள்ளேயே ஆயுதம் எடுப்பார்கள். நண்பர்கள் வந்தால் அந்த இடங்களில் அவர்கள் உருவாக்கிய ஆட்கள் நிற்பார்கள். எழுதிவைத்த சண்டை அத்தனையும் வீண். அடுத்த ஆண்டே அதே எஞ்சினில் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ பலர் ஆடும் வசதியையே விட்டுவிட்டது. அதில் துணைவன் டாக்கானிடம் அவன் மதநூலை வட்டம் வட்டமாகக் கற்றுக்கொள்ளும் பகுதி நீளமான வாசிப்பு. மூன்று நண்பர்கள் சும்மா காத்திருக்க, ஒருவர் அதை நிதானமாகப் படிப்பார் என்று எந்த வடிவமைப்பாளர் நம்புவார்?

இந்த வகையின் மூலமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இலேயே பலர் கூடி ஆடியதுதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அந்த மேசையில் கதையை நடத்த டன்ஜன் மாஸ்டர் என்றொரு மனிதர் இருந்தார். கூட்டத்தின் முகம் பார்த்துப் பேச்சைத் திருப்பும் கூத்துக் கட்டியக்காரனைப் போல. 2002இன் ‘நெவர்வின்டர் நைட்ஸ்’ இதைப் புரிந்துகொண்டு அவருக்குத் தனி இருக்கையும், கதைகளை நாமே கட்டிக்கொள்ளக் கருவிகளும் கொடுத்தது. ரசிகர்கள் நடத்திய உலகங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. அந்த கேமின் சொந்தக் கதையிலோ ஒரே ஒரு கூலித்துணைதான்; தனியாக ஆடியவருக்கு அது வெறிச்சோடிய தெரு.

லாரியன் நிறுவனம் இரண்டையும் சாதிக்கவில்லையா என்பது வலுவான எதிர்வாதம். 2014இன் ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ முதலிலிருந்தே இரண்டு நாயகர்களுக்காக எழுதப்பட்டது, அவர்கள் முரண்பட்டால் கல், காகிதம், கத்தரி ஆடித் தீர்க்கவேண்டும். அங்கே பலர் ஆடுவது ஒட்டு அல்ல, அடித்தளம். 2023இன் ‘பால்டர்ஸ் கேட் 3’ அப்படியல்ல. குழு நால்வர், நான்கு நண்பர்கள் சேர்ந்தால் கதையின் துணைகளான ஷேடோஹார்ட்டும் அஸ்டாரியனும் முகாமில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நண்பரே அஸ்டாரியனாக வந்தால் அந்தப் பாத்திரத்துக்கு எழுதிய பேச்சில் பெரும்பகுதி வாயடைத்துப்போகிறது. நால்வரின் கும்மாளம் அதற்கு ஈடு என்பவரோடு சண்டையில்லை. அந்தக் கும்மாளத்துக்கு இவ்வளவு எழுத்து தேவையில்லை என்பதே எங்கள் பேச்சு. 2000இல் வந்த ‘ஐஸ்விண்ட் டேல்’ அந்த வகையில் நேர்மையானது: ஆறு பேரையும் ஆடுபவரே உருவாக்க வேண்டும், அவர்களுக்கென்று முன்கதையோ மனத்தாங்கலோ கிடையாது. யார் வந்து எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அங்கே யாருடைய வசனமும் பறிபோவதில்லை.