கடற்கரை வீடு இல்லாதவங்க எங்க போறது?

அம்மாவோட சேர்ந்து பார்க்கிற தொடர் இல்லைன்னு நினைச்சுத்தான் 'கிரேஸ் அண்ட் ஃபிரான்கி'யை ஹெட்செட் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன். எங்க காம்பராவுல "தனியா" பார்க்கிறதுன்னா அவ்வளவுதான், ஹெட்செட். முதல் எபிசோட்ல கிரேஸ் ஆத்திரத்துல சாப்பாட்டை அள்ளிப் புருஷன் மேல எறியிற இடத்துல சத்தமா சிரிச்சுட்டேன். அடுப்படியில இருந்த அம்மா "என்னடி கூத்து?"ன்னு எட்டிப் பார்த்தாங்க.

கதையைச் சொன்னேன். அமெரிக்காவுல ரெண்டு வக்கீல்கள், ராபர்ட்டும் சோலும். ஒரே அலுவலகத்துல கூட்டாளிங்க. ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி 40 வருஷம், வளர்ந்த பிள்ளைங்க இருக்கு. ஒருநாள் ரெண்டு பொண்டாட்டிகளையும் ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிப் போய், நாங்க ரெண்டு பேரும் 20 வருஷமா காதலிக்கிறோம், உங்களை விட்டுட்டு நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு சொல்றாங்க. எல்லாருக்கும் வயசு 70 கிட்ட.

அம்மா முகம் சுளிப்பாங்கன்னு பார்த்தேன். சுளிக்கல. கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "அந்தப் பொம்பளைங்க இனி எங்க போய் இருப்பாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.

இந்தத் தொடரைப் பத்தி நான் இணையத்துல வாசிச்ச எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

தொடர்ல அதுக்குப் பதில் ரொம்ப லேசு. ரெண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிப் போட்ட கடற்கரை வீடு ஒன்னு இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காத கிரேஸும் ஃபிரான்கியும் அங்க போய் ஒன்னா மாட்டிக்கிறாங்க. 2015ல தொடங்கி 2022 வரைக்கும் 7 சீசன், 94 எபிசோட் ஓடின மொத்தச் சிரிப்பும் அந்த வீட்டு மேலதான் நிக்குது. அந்த வீடு மட்டும் இல்லைன்னா முதல் எபிசோடோட அது சோக நாடகமாயிருக்கும்.

இதையே மடுல்சீமைக்குக் கொண்டுவந்து வச்சுப் பாருங்க. ஒரு காம்பரா, 10க்கு 12 அடி, முன்னால இஸ்தோப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். வீடு தோட்டத்தோடது, நம்ம பேர்ல உறுதி கிடையாது. இதுல 60 வயசுல ஒரு மனுஷன் "நான் இப்படித்தான், சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்"னு சொன்னா, சொல்லி முடிச்ச பிறகு எந்தக் கதவைத் திறந்துக்கிட்டு எங்க போவார்? அந்தம்மாதான் எங்க போவாங்க? நம்ம ஊர்ல "வெளிய வர்றது" தைரியம் சம்பந்தப்பட்ட விஷயம்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருது. வெளிய வர முதல்ல ஒரு வெளி வேணும்.

இன்னொன்னையும் கவனிச்சேன். தமிழ்ல வெளிய வர்ற கதைன்னா வர்றது எப்பவும் சின்னப் பிள்ளைங்கதான். பெரியவங்க வேலை அதைக் கேட்டு அழுறது, அடிக்கிறது, கடைசியில ஏத்துக்கிறது. 2025ல வந்த 'காதல் என்பது பொதுவுடைமை'யிலயும் சொல்றது மகள், கேக்கிறது அம்மா. பெரியவங்களுக்கே அப்படி ஒரு ரகசியம் இருக்கும்னு நம்ம கதைகள் நினைக்கிறதே இல்லை. விதிவிலக்கா 2019ல வந்த 'சூப்பர் டீலக்ஸ்' இருக்கு. பல வருஷம் கழிச்சுப் பொண்டாட்டி பிள்ளைகிட்ட திருநங்கையா திரும்பி வர்ற ஷில்பா. அது வேற அடையாளம், ஆனா வாசல்ல காத்துக்கிட்டிருந்த குடும்பத்தோட முகம் இதே முகம்தான்.

மலையாளத்துல 'காதல் தி கோர்' வந்தது 2023 நவம்பர்ல, ஜியோ பேபி எடுத்தது. 70 தாண்டின மம்மூட்டி, உள்ளூர் தேர்தல்ல நிக்கிற மேத்யூவா நடிச்சார். ஆனா அந்தப் படத்துல வாயைத் திறக்கிறது மேத்யூ இல்லை, மனைவி ஓமனா. நம்ம ஜோதிகா. விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போறது அவதான். தனக்கு மட்டும் விடுதலை கேக்கல, அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறா. பார்த்துட்டு ரெண்டு நாள் அந்த ஓமனா என் கூடவே இருந்தா.

சரி, ஒரு ஓமனா பசறை வழியா பஸ் ஏறிப் பதுளைக் கோர்ட்டுக்கு வர்றான்னு வச்சுக்குவோம். நம்ம நாட்டுப் பொதுச் சட்டத்துல விவாகரத்துக்குக் காரணம் மூணுதான்: பிறரோட தகாத உறவு, வேணும்னே கைவிட்டுப் போனது, கல்யாணம் நடந்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியிறோம்னு கையெழுத்துப் போட்டுட்டு வர ஏலாது. யாராவது ஒருத்தர் குற்றவாளியாகணும். அதுக்கு மேல தண்டனைச் சட்டக்கோவை. 1883ல வெள்ளைக்காரன் காலத்துல வந்த சட்டம், அதோட 365, 365அ பிரிவுகள் இன்னும் அப்படியே இருக்கு. 1995ல திருத்தினப்போ தளர்த்துவாங்கன்னு பார்த்தா, பொம்பளைங்களையும் சேர்த்து உள்ள இழுத்தாங்க. 2023 மே மாசம், பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லைன்னு உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. பாதை திறந்துதான் இருந்தது. 2024ல அந்தப் பாராளுமன்றமே கலைஞ்சு போச்சு, மூலம் சட்டமாகல. ஆக, அந்தப் பொம்பளை தன் வாழ்க்கையைத் திரும்பக் கேக்கணும்னா, புருஷனைக் குற்றவாளின்னு காட்டிக் கொடுக்கிற மாதிரித்தான் கதைக்கணும். எத்தனை பேர் அதைச் செய்வாங்க? பேசாம இன்னும் 20 வருஷம் சமைச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க.

"இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?"னு கேக்கிறவங்க கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. எனக்கு அந்தக் கேள்வியில பிரச்சினை "இந்த வயசுல" இல்லை. அதுக்கு முந்தின வயசுலதான். 25 வயசுல அந்தப் பையன் ஒருமாதிரி இருக்கான்னு வீட்டுக்குச் சந்தேகம் வந்தப்போ எல்லாரும் சொன்ன வைத்தியம் ஒன்னுதான்: "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்." அந்த வாக்கியத்துல மருந்து யாருன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு. எங்கேயோ ஒரு தோட்டத்துல கொழுந்து எடுத்துக்கிட்டோ, ஏஎல் எழுதிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்துக்கிட்டோ இருக்கிற ஒருத்தி. நோயே இல்லாத ஒருத்தனுக்கு மருந்தா அவளைக் கொடுத்துடறாங்க. எனக்கும் இப்ப மாப்பிள்ளை பார்க்கிறாங்க, அதனால இதை நான் சும்மா எழுதல.

தொடர்ல எனக்குப் பிடிச்சது, இந்தக் கணக்கை அது மறைக்கல. ராபர்ட்டும் சோலும் நல்ல மனுஷங்க, அவங்க காதலும் நிஜம். ஆனா 20 வருஷம் பொய் சொன்னதும் நிஜம். கிரேஸோட கோபம் ஒரு எபிசோட்ல ஆறிப் போற கோபமில்லை. சோல் ஓயாம மன்னிப்புக் கேட்டுக் கேட்டே ஃபிரான்கியை இன்னும் கஷ்டப்படுத்துவார், அங்கதான் சிரிப்பு வரும். யாரோட நடையையும் கை அசைவையும் பார்த்து வர்ற சிரிப்பு இல்லை அது. நம்ம படக் காமெடியில "அந்த மாதிரி" ஆள் உள்ள வந்தாலே பின்னணியில ஒரு இசை போடுவாங்களே, அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன் எந்த வயசுலதான் வாயைத் திறப்பான்? தானே தாத்தாவாகிட்ட ராபர்ட், ஒரு இடத்துல தன் அம்மாகிட்டப் போய் உண்மையைச் சொல்வார். அந்தம்மா ஏத்துக்க மாட்டாங்க. அதுல நான் சிரிக்கல.

குறையும் இருக்கு. காசு தீர்த்து வைக்கிற பிரச்சினைகள் நிறைய, சில சீசன்கள் சும்மா இழுவை. ஃபிரான்கியா நடிக்கிற லிலி டாம்லினைப் பத்தித் தேடினப்போதான் தெரிஞ்சது, அவங்க 42 வருஷம் சேர்ந்து வாழ்ந்த எழுத்தாளர் ஜேன் வாக்னரை 2013 டிசம்பர் 31ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. புருஷன் ஆம்பிளையோட போயிட்டான்னு அழுற பொண்டாட்டியா நடிக்கிறது அவங்கதான். இதை அம்மாகிட்ட சொன்னப்போ, "நம்ம காமன் கூத்துல ஆம்பிளை ரதி வேஷம் கட்டி ஒப்பாரி வச்சா தோட்டமே சேர்ந்து அழல? அதுமாதிரித்தான்"ன்னாங்க. அதே மாதிரி இல்லை. ஆனா மாசி மாசத்துல ரதியா நிக்கிற அந்த ஆம்பிளைக்குக் கிடைக்கிற மரியாதையில கால்வாசி, பங்குனியிலயும் யாராவது ஒருத்தருக்குக் கிடைச்சா நல்லாயிருக்கும்.

இப்ப ரெண்டாவது சீசன்ல இருக்கோம். ஹெட்செட் இல்லை, சத்தத்தைக் குறைச்சு வச்சு நான் மொழிபெயர்க்கிறேன். போன ஞாயித்துக்கிழமை லுணுகலையில இருந்து அத்தை ஒரு வரனோட வந்தாங்க. பையன் கொழும்புல நல்ல வேலை, குடி இல்லை, வயசு 33, இத்தனை நாளா கல்யாணமே வேணாம்னு இருந்தவனை இப்பத்தான் வீட்டுல சம்மதிக்க வச்சிருக்காங்கன்னு பெருமையா சொன்னாங்க. அம்மா தேத்தண்ணியை வச்சுட்டு, "ஏன் வேணாம்னானாம்? அவன்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"ன்னாங்க.

அத்தைக்குக் கேள்வியே புரியல. ஆம்பிளைப் பயகிட்ட இதையெல்லாமா கேப்பாங்கன்னு சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. "கேட்டுட்டு வாங்க, பிறகு சாதகம் பார்ப்போம்"னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.