அத்தையின் அட்டை

என் மாமியாருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும் என்றார் டாக்டர். “பேஸ்மேக்கர் அட்டை எங்கேம்மா?” என்று நர்ஸ் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. எல்லா பேஸ்மேக்கரும் எம்.ஆர்.ஐ.க்குத் தாங்காதாமே! தரமணி வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். பழைய கரன்ட் பில்களுக்கு நடுவே கிடந்தது.

ஒரு துண்டு அட்டைக்கு இத்தனை மதிப்பா என்கிறீர்களா? 1958-இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு, அவர் மனைவி விடாமல் வற்புறுத்தியதால், முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அது சில மணி நேரமே உழைத்தது! பிறகு பல கருவிகள் மாற்றி, 86 வயது வரை வாழ்ந்தார் மனிதர்.

இன்று அப்படி வைத்துப் பார்க்க முடியாது. நம் நாட்டின் 2017-ஆம் வருட மருத்துவக் கருவி விதிகளில் பேஸ்மேக்கர், ஆபத்து மிகுந்த ‘டி’ வகுப்பு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் இல்லாமல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. உரிமம் பெற்ற கருவியிலும் பின்னால் கோளாறு தெரியலாம். அது நம் வீட்டுக் கருவியா என்று காட்டுவது அட்டையிலுள்ள எண்தான்.

ஆகவே சகோதரிகளே, டிஸ்சார்ஜ் ஆகும்போதே அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் என் பீரோவில். அசல், அத்தையின் சுருக்குப்பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில் பத்திரம்!