குற்றம் வேறு, பொறுப்பு வேறு

அறவியல் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மாணவர் பலருடைய முகத்தில் ஒரு சோர்வு படர்வதைக் காண்கின்றோம். பொய் சொல்லாதே, பிறர் பொருளை எடுக்காதே என்று பாலர் வகுப்பிலிருந்தே கேட்டுவரும் பாடந்தானே, இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளில் ‘அறவியலும் இந்தியப் பண்பாடும்’ என்று ஒரு பாடநூலே உண்டு. நம் நகரத்து அசோக் நகரில் அறைக்கு நால்வராகத் தங்கி ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கோ, 2013-ஆம் ஆண்டு முதல் அறவியல் என்பது 250 மதிப்பெண்களுக்குரிய ஒரு தாள். மதிப்பெண்ணுக்காகப் படிப்பதை நாம் குறை கூறோம். எவ்வாறேனும் படித்தால் சரி. ஆயினும் அறவியல் கட்டளைகளின் பட்டியல் அன்று என்பதை மாணவர் முதலில் உணர வேண்டும். ஒன்றை நன்று என்றும் மற்றொன்றைத் தீது என்றும் நாம் ஏன் சொல்கிறோம் எனக் காரணம் கேட்கும் கல்வி அது.

‘எதிக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், குணம் என்றும் வழக்கம் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நம்முடைய ‘ஒழுக்கம்’ ஒழுகுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒருநாள் செய்த நற்செயல் ஒழுக்கமாகாது. நீர் ஒழுகுவதுபோல் இடையறாது நடப்பதே ஒழுக்கம். திருக்குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்தார். பின்னைய இரண்டும் இக்காலத்து நீதிமன்றத்தையும் சிறைச்சாலையையும் சார்ந்தவை. அவை உலகியலை நிலைநிறுத்தப் பயன்படுமேயன்றி, மனிதனை உள்ளிருந்து உயர்த்தமாட்டா எனக் கருதி, ஒழுக்கத்தையே அறமென எடுத்துக்கொண்டார் அவர். சட்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

ஊர் விட்டு வந்த குடும்பத்தினராகிய நாம் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். சொந்த ஊரில் நம்மைக் காவல் செய்தது பெரும்பாலும் ஊர்க்கண். இன்னார் மகன் இப்படிச் செய்தான் என்ற பேச்சுக்கு அஞ்சியே பலர் நேராக நடந்தனர். குக்கட்பள்ளியிலோ மல்காஜ்கிரியிலோ அடுத்த வீட்டாருக்கு நம் தந்தையார் பெயர் தெரியாது. ஊர்க்கண் இல்லாத இவ்விடத்தில் எஞ்சி நிற்பது எவ்வளவோ, அவ்வளவே நம் பிள்ளைகளின் சொந்த ஒழுக்கம்.

இனி, நம் நகருக்கு அண்மையில் தொடங்கித் தமிழ்மண்ணில் முடிந்த ஒரு வரலாற்றைக் கூறுவோம். 1956-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள். காச்சிகூடாவிலிருந்து கர்நூல் நோக்கித் தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், ஜட்சர்லாவுக்கும் மகபூப்நகருக்கும் இடையே ஒரு பாலம் சரிந்து புகைவண்டி வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மகபூப்நகர் அப்போது ஐதராபாத் இராச்சியத்தைச் சேர்ந்தது. இரண்டு திங்கள் கழிந்தால் அந்த இராச்சியமே இல்லை. இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. மூன்று மாதம் நிறைவதற்குள், நவம்பர் 23-ஆம் நாள், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதுற்று, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. அங்கும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் தந்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். ஏற்கும்போது, அமைச்சர் குற்றவாளி என்பதற்காக அன்று, ஆட்சிமுறைக்கு அது நல்ல முன்மாதிரியாகும் என்பதற்காகவே ஏற்பதாகக் கருத்துரைத்தார்.

அமைச்சர் பாலம் கட்டியவரல்லர், மழையை அனுப்பியவருமல்லர். குற்றம் என்பது நாம் செய்ததைப் பற்றியது. பொறுப்பு என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பற்றியது. அறவியலின் அடிப்படைக் கருத்துகளுள் மாணவர் மிகுதியாகக் குழம்புவது இவ்விரண்டிலுமே.

ஆனால் சாஸ்திரி செய்தது சரிதானா என்று கேட்கவும் மாணவர்க்கு உரிமை உண்டு. செயலின் நன்மை தீமையை அதன் விளைவால் அளக்க வேண்டும் என்பது பெந்தாம் என்னும் ஆங்கிலேயர் 1789-இல் வெளியிட்ட நூலின் கொள்கை. அக்கொள்கையினர், திறமையுள்ள அமைச்சர் வீட்டுக்குப் போவதனால் எந்தப் பாலம் வலுப்பெறும், இருந்து பாலங்களைச் செப்பனிடுவதன்றோ முறை என வாதிடலாம். நான்கு ஆண்டு முன்னர், 1785-இல், ஜெர்மானிய அறிஞர் கான்ட் வேறு வழி காட்டியிருந்தார். விளைவை விடு, எல்லோருக்கும் பொதுவிதியாக வைக்கத்தக்க கடமை எதுவோ அதைச் செய் என்பது அவர் நெறி. பொறுப்பில் உள்ளவர் எவரும் பெரும் இழப்பு நேர்ந்தால் மக்களுக்கு விடை கூறியாக வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைக்கலாம் அல்லவா? நம் கருத்தைக் கேட்டால், முதல் கட்சியில் வலு உண்டு. ஆயினும் அக்கட்சியைப் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்போர் எல்லோரும் பேசக்கூடும் என்பதே அதன் குறை. சாஸ்திரி 1957-இல் மீண்டும் அமைச்சரானார், 1964-இல் பிரதமரானார் என்பதைச் சிலர் விலகலுக்குக் கிடைத்த பரிசுபோல எழுதுகின்றனர். அது பொருந்தாது. கடிதம் எழுதிய நாளில் அவர் அதனை அறியார்.

அமைச்சரைப் பற்றிப் பேசுவது எளிது. மழைக்காலத்து இரவுகளில் கைவிளக்கும் எச்சரிக்கை வெடிகளும் ஏந்தி இருப்புப்பாதை நெடுக நடக்கும் காவல் தொழிலாளரை நினைத்துப் பாருங்கள். தமக்குரிய எல்லை முடியுமட்டும் நடந்து, எதிரே வரும் தொழிலாளரோடு குறிப்புப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவது அவர் பணி. பல இடங்களில் இப்போது அவர் நடந்த இடத்தைக் காட்டும் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். அவர் நடந்தார் என்பதைக் கருவி சொல்லும். பாலத்தின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாரா என்பதைச் சொல்லாது. நடக்க வைப்பது விதி. குனிய வைப்பதற்கு விதி போதாது.

இதே செய்தியை நம் நகரம் பின்னர் வேறு துறையில், மிக்க விலை கொடுத்துக் கற்றது. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்த சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர், கணக்கில் காட்டிய தொகையுள் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று கடிதம் எழுதினார். நிறுவனத்தின் பெயரோ வாய்மை! சிறு வேறுபாடாகத் தொடங்கியது ஆண்டுதோறும் வளர்ந்துவிட்டது என்பதும் அக்கடிதத்தில் இருந்தது. வங்கியிருப்பைத் தணிக்கையாளர் வங்கியிடமே நேரே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தை நிறுவனத்தார் கையிலேயே விட்டுவிட்டனர் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011-இல் கண்டது. கையெழுத்து இருந்தது, குனிந்து பார்த்தவர் இல்லை. 2015 ஏப்ரலில் இந்நகரத்துச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அவர்களுள் முன்னாள் தணிக்கையாளர் இருவரும் அடங்குவர். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அது பரிமேலழகர் சொன்ன வழக்கும் தண்டமும். அந்த ஜனவரியில் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று அறியாமல், வீட்டுக்கடனை எண்ணி உறக்கமின்றிக் கிடந்த தமிழ்க் குடும்பங்களையும் நாம் அறிவோம். அவர்கள் எந்தக் கணக்கிலும் கைவைத்தவர்கள் அல்லர்.

இத்திங்கள் மாணவர்க்குரிய வினா இது. ஹைடெக் சிட்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர். சரிபார்க்கப்பட்டது எனக் குறிக்கும் பக்கத்தில் கையொப்பமிடும்படி மேலாளர் சொல்கிறார். சரிபார்க்க நேரம் தரவில்லை. ஊரில் தந்தையாருக்கு மருத்துவச் செலவு இருக்கிறது. வேலை போனால் அனுப்பப் பணமில்லை. அவர் என்ன செய்ய வேண்டும்? பெந்தாமோ கான்ட்டோ சொல்வார் என்று எழுதாமல், நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும், ஏன் என்றும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதியனுப்புங்கள். பெற்றோரும் எழுதலாம், பிள்ளைகளின் விடையைப் பார்க்குமுன் எழுதுவார்களாக.