சுமை வண்டி இஞ்சினுக்குக் குதிரை சக்தி மட்டும் போதுமா?

பிக்கப் என்னும் சிறு சுமை வண்டி வாங்க விரும்பும் குடியானவர் முதலில் விசாரிப்பது, இஞ்சினுக்குக் குதிரை சக்தி எவ்வளவு என்பதையே. கமலை இறைத்த காலத்தில் மாட்டின் ஓட்டத்தைப் பார்த்து விலை பேசியவர் ஒருவருமில்லை, இழுவையைத்தான் பார்த்தனர். அந்த விவேகம் மோட்டார் வண்டி விஷயத்தில் ஏனோ கைவிடப்படுகிறது.

அமெரிக்காவில் விற்பனையான டொயோட்டா பிக்கப் வண்டிகளின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் இதற்குத் தக்க உதாரணமாகும். 1981-ல் வந்த 22ஆர் என்ற இஞ்சின் 2366 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. சக்தி 97 குதிரை மாத்திரமே. ஆயினும் அதன் உச்ச இழுப்பு 129 பவுண்டு-அடி. அதாவது ஓரடி நீளக் கைப்பிடியின் நுனியில் 129 பவுண்டு தொங்கினால் உண்டாகும் முறுக்கு. அது நிமிஷத்திற்கு 2800 சுற்றிலேயே கிட்டியது. பாரத்துடன் மெதுவாய்ச் செல்லும் வண்டிக்கு வேண்டுவது இதுவே.

1970-ல் அந்நாட்டில் இயற்றப்பட்ட காற்றுத் தூய்மைச் சட்டத்தின் பயனாகப் புகைக் கட்டுப்பாடு வரவரக் கடுமையாயிற்று. காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்தாலன்றி புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவி செவ்வனே வேலை செய்யாது. அவ்வளவு நுட்பமாகக் கலப்பது கார்புரேட்டருக்கு எளிதன்று. ஆகவே 1980-களின் நடுவில், பெட்ரோலை அளந்து பீச்சும் 22ஆர்-ஈ வந்தது. சக்தி 116 குதிரையாகவும் இழுப்பு 140 பவுண்டு-அடியாகவும் உயர்ந்தன. கார்புரேட்டரைத் தாமே கழற்றித் துடைக்கலாம் என்று அதைப் புகழ்வோர் இன்னும் உளர். கழற்ற வேண்டிய அவசியமே குறைந்துவிட்டதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மற்றொரு மாறுதலை அவ்வாறு பாராட்ட இயலாது. வால்வுகளை இயக்கும் சங்கிலி முதலில் இரட்டை வரிசையாயிருந்தது. 1983 முதல் அது ஒற்றை வரிசையாக்கப்பட்டு, அதைத் தாங்கும் பட்டைகளும் பிளாஸ்டிக்காயின. பல்லாயிரம் மைல் ஓடியபின் இப்பட்டை உடையும். தளர்ந்த சங்கிலி முன்மூடியை உராய்ந்து துளைத்துவிடும். ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்து பேரிங்குகள் கெடும். நெடுநாள் உழைப்பதெனப் பெயர்பெற்ற இஞ்சினுக்கு இச்சிக்கனம் தகாதது.

1995-ல் 22ஆர்-ஈ நின்றது. அதன்பின் வந்த டகோமா வண்டியின் 2.7 லிட்டர் இஞ்சின் 150 குதிரை சக்தி தந்தது. ஆனால் உச்ச இழுப்புக்கு 4000 சுற்று தேவைப்பட்டது. 2024-ம் வருஷ மாடலிலோ 2.4 லிட்டர் டர்போ இஞ்சின் அமைந்துள்ளது. கொள்ளளவு ஏறக்குறையப் பழைய 22ஆர் அளவே. சக்தி 278 குதிரை, இழுப்பு 317 பவுண்டு-அடி. புகையின் வேகத்தால் சுழலும் விசிறி காற்றை அமுக்கிச் செலுத்துவதால், தாழ்ந்த சுற்றிலேயே பலம் கிட்டுகிறது. இழுவையை நாடுவோருக்கு இது மெய்யான லாபமே. ஆனால் டர்போவின் தண்டு மிகுந்த சூட்டில் சுழல்வது. எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றவேண்டும். பழுது வந்தால் ஸ்பானர் மட்டும் போதாது, கம்ப்யூட்டர் சோதனைக் கருவியும் வேண்டும். பட்டறைக்கு வெகு தூரத்திலுள்ள பண்ணைக்காரர் இச்செலவையும் விலையோடு சேர்த்தே எண்ணுதல் நன்று.

22ஆர் பொருத்திய பழைய வண்டியை வாங்குவோர், ஆறிய இஞ்சினைத் தம் எதிரிலேயே கிளப்பச் சொல்லவேண்டும். முன்புறத்தில் சலசலவென ஓசை எழுமாயின் சங்கிலி தளர்ந்திருக்கலாம். மூடியைக் கழற்றிப் பட்டையைக் காணுமுன் முன்பணம் கொடுத்தல் கூடாது.