வெள்ளணுவுக்கு வேற்றுமொழி முகமூடி ஏன்?

குற்றாலத்து மலையில் ஐந்து கிளையாகப் பிரிந்து வீழும் நீருக்கு ஐந்தருவி என்று பெயர். தேன்கூடுகள் தொங்கும் பாறைகளிடையே வீழ்வது தேனருவி. அங்குக் கோயில் கொண்ட இறைவியின் பெயர் குழல்வாய்மொழி. இப்பெயர்களுக்கு எவரும் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆடு மேய்க்கும் சிறுவனும் கேட்ட அளவிலேயே பொருளுணர்வான். பொருளை நோக்கிப் பெயரிடுவது தமிழின் இயல்பு. அவ்வியல்பு அம்மலையடிவாரத்து ஊர்களிலும் மருத்துவமனை வாயிலோடு நின்றுவிடுவது ஏன்?

தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்டிர் பல்லாயிரவர். அவருள் ஒருத்தி காய்ச்சலால் நலிந்து குருதி ஆய்வு செய்துகொண்டால், அவள் கையில் தரப்படும் தாளில் 'லூக்கோசைட்' என்றோ 'டபிள்யூ.பி.சி.' என்றோ ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஓர் எண் நிற்கும். செய்தி அவள் குருதியைப் பற்றியது. அவளுக்கோ அதில் ஓரெழுத்தும் விளங்காது!

அச்சொல்லில் அப்படி என்ன அருமறை பொதிந்துள்ளது? கிரேக்கத்தில் 'லூக்கோசு' என்றால் வெண்மை. 'கைட்டோசு' என்றால் உட்குழிந்த கலம். இவ்வளவே அதன் பொருள். குருதியைக் குழாயிலிட்டுச் சுழற்றினால், செவ்வணுக்கள் அடியில் தங்கும். தெளிநீர் மேலே நிற்கும். இரண்டிற்கும் இடையே வெளிறிய மென்படலமாகப் படிபவை இவ்வணுக்கள். இவை மட்டின்றிப் பெருகும் நோய்க்குச் செருமானிய அறிஞர் விர்க்கோ 1847-இல் 'லூக்கீமியா' எனப் பெயரிட்டார். அதன் பொருளும் 'வெண்குருதி' என்பதே. செருமானியப் பொதுமக்கள் இவ்வணுக்களைத் தம் தாய்மொழியில் 'வெண்குருதித் துகள்' எனப் பொருள்படவே வழங்குகின்றனர். சப்பானியர் 'வெண்குருதி உருண்டை' என்கின்றனர். அதனால் அவர்தம் மருத்துவம் தாழ்ந்துவிட்டதா?

தமிழுக்கும் சொற்பஞ்சம் இல்லை. 'வெள்ளணு' என்னும் சிறுசொல் போதும். ஐந்தருவியைப் போலவே வெள்ளணுக்களும் ஐவகைப்படும். நோய் நுண்ணுயிரிகளை எதிர்ப்பது அவற்றின் பணி. வளர்ந்தோர்க்கு ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருத்தல் இயல்பு. இத்தனையும் தமிழில் சொல்லியாயிற்று. எந்தக் கருத்து எங்கே முடங்கிற்று? 'வெள்ளை இரத்த அணு' என்று எழுதுவோரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்: கழக இலக்கியம் ஆண்ட குருதி என்னும் சொல் கையிலிருக்க, வடசொல்லாகிய இரத்தம் எதற்கு?

விர்க்கோ பெயரிட்ட அதே 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் ஆக்கங்களில் வடசொற்கலப்பு உண்டுதான். எனினும், கடல் கடந்து வந்த அயலவர்க்கு வாய்த்த துணிவு, தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்து மருத்துவம் பயின்றோர்க்கு வாராமை நாணத்தக்கது!

பிறநாட்டு மருத்துவர்க்காக ஆங்கிலக் குறியீடு ஒருபுறம் நிற்பினும், நோயாளிக்காகத் தமிழ்ச்சொல் அதன் முன் நிற்றல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு பெரிதில்லை. ஆய்வுத்தாளை வாங்கும் ஒவ்வொரு தமிழரும், "தமிழில் எழுதித் தருக" எனக் கேட்கத் தொடங்கட்டும். கேளாத வரையில், தம் உடம்பைப் பற்றிய அறிவும் தமிழர்க்கு அயலார் உடைமையாகவே இருக்கும்.